சிறிய ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு எந்த ஹிட்ச்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் கூடாரம் அடித்து முகாம் போய்ப் பழகிய குடும்பங்கள் பல, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் டிரெய்லர் பக்கம் திரும்புகின்றன. அவர்களில் சிலருக்கு, மூக்கு பிக்கப்பின் முதுகில் ஏறி உட்காரும் சிறிய ஃபிஃப்த் வீல் வண்டி பிடித்துப்போகிறது. நான் ஒன்ராறியோவில் அப்படியொரு வண்டியை, ஹாஃப் டன் எனப்படும் சாதாரண அளவு பிக்கப்பில் சில ஆண்டுகளாக இழுத்து வருகிறேன். முகாமில் பக்கத்து இடத்துக்காரர்களும், தெரிந்தவர்கள் சொல்லித் தொலைபேசியில் அழைப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். டிரக்கின் சரக்குத் தொட்டியை எல்லோரும் சொல்வதுபோல் 'பெட்' என்றே எழுதுகிறேன். டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் கருவியான ஹிட்ச்சை விற்பவர்கள் பேசுவது பவுண்டில் என்பதால் எடைகளும் பவுண்டில்தான். 1,000 பவுண்டு என்பது சுமார் 454 கிலோ.

ஃபிஃப்த் வீல் என்கிறார்கள். ஐந்தாவது சக்கரம் எங்கே இருக்கிறது?

இது குதிரை வண்டிக் காலத்துப் பெயர். நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு இடமும் வலமும் திரும்ப வேண்டும் என்பதற்காக, அதன் மேல் ஒரு வளையத்தைப் படுக்கைவாட்டில் பொருத்துவார்கள். அதுதான் ஐந்தாவது சக்கரம். பிறகு அது லாரிகளுக்கு வந்தது. சென்னைத் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தனியாகப் போகும் இழுவை லாரியைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகில் கிரீஸ் பூசிய, பின்பக்கம் பிளந்த ஒரு தகடு இருக்கும். நாம் பேசப்போகும் ஹிட்ச் அதன் தம்பி. டிரெய்லரின் முன்பகுதிக்கு அடியிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் 2 அங்குல விட்டமுள்ள உருக்கு முளைக்குக் கிங்பின் என்று பெயர். தகட்டில் உள்ள கவ்வி அதைப் பிடித்துக்கொள்கிறது.

விமான முன்னோடியான கிளென் கர்ட்டிஸ் 1920களின் பிற்பகுதியில் ஏரோகார் என்ற சொகுசு டிரெய்லரைத் தயாரித்தார். அதை இழுக்கும் காரின் பின்பகுதியில் காற்றடைத்த டயர் ஒன்றைப் படுக்க வைத்து, அதன் நடுவே டிரெய்லரின் முளையை இறக்கினார். அந்த வண்டியில் ஐந்தாவது சக்கரம் உண்மையாகவே ஒரு சக்கரமாக இருந்தது.

பம்பருக்குப் பின்னால் பந்தில் மாட்டும் சாதாரண டிரெய்லரைவிட இது ஏன் நல்லது என்கிறார்கள்?

பாரம் இறங்கும் இடம்தான் காரணம். பம்பருக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர், டிரக்கின் பின் அச்சிலிருந்து நான்கு அடிக்கும் அப்பால் நின்று அதை இழுக்கிறது. பக்கக் காற்று அடித்தால் அந்த நீளம் நெம்புகோலாகி டிரக்கின் வாலை ஆட்டும். ஃபிஃப்த் வீலில் இணைப்பு பின் அச்சுக்கு நேர் மேலேயோ, ஓரிரு அங்குலம் முன்னாலோ இருக்கும். டிரெய்லர் எவ்வளவு தள்ளினாலும் நெம்புவதற்கு நீளம் இல்லை. நெடுஞ்சாலையில் பெரிய லாரி நம்மைக் கடக்கும்போது ஸ்டியரிங்கில் தெரியும் வித்தியாசம் மிகப் பெரியது. மனைவியும் நானும் மாறி மாறி ஓட்டுகிறோம். பழைய டிரெய்லரை இழுத்த காலத்தில் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக்கின் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் 15 முதல் 25 சதவீதம் வைக்கும். கணக்குப் போட 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த எண்ணிலிருந்து பிறப்பவை.

ஹிட்ச் வாங்கப் போகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஹிட்ச்சைப் பார்க்காதீர்கள். உங்கள் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைப் பாருங்கள். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் உங்கள் டிரக்கின் பேலோடு. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே நிற டிரக் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இந்த எண் வேறாக இருக்கலாம். கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, நான்கு சக்கர இழுவை என்று ஒவ்வொரு வசதியும் அதிலிருந்து கழித்துக்கொண்டே போகும். ஹாஃப் டன் டிரக்குகளில் 1,200 முதல் 2,000 பவுண்டுக்குள் இருப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு கணக்கு போடுவோம். ஸ்டிக்கரில் 1,650 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 460. ஓட்டுநரும் இந்தக் கணக்கில் அடக்கம். பலர் அவரை விட்டுவிடுகிறார்கள். பெட்டில் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, விறகு, கருவிகள் 150. பழைய பாணி உருக்கு ஹிட்ச்சும் அதைத் தாங்கும் அடிச்சட்டங்களும் 180. கழித்தால் மிஞ்சுவது 860 பவுண்டு. டிரெய்லர் தன் எடையில் 20 சதவீதத்தை வைக்குமானால், நீங்கள் இழுக்கக்கூடியது சாமான் ஏற்றிய பிறகு 4,300 பவுண்டு எடையுள்ள வண்டி.

இப்போது அதே கணக்கில் ஹிட்ச்சை மட்டும் மாற்றுங்கள். 40 பவுண்டு அலுமினிய ஹிட்ச், அடிச்சட்டம் 50, மொத்தம் 90. மிச்சம் 950 ஆகிறது. டிரெய்லர் 4,750 பவுண்டு வரை போகலாம். ஹிட்ச்சில் ஒரு பவுண்டு குறைத்தால் டிரெய்லரில் ஐந்து பவுண்டு கிடைக்கிறது. ஹாஃப் டன் டிரக் வைத்திருப்பவர் ஹிட்ச்சின் விலையைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

"அண்ணா, என் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும் என்று டீலர் சொன்னாரே?"

தம்பி, அவர் பொய் சொல்லவில்லை. அந்த டிரக்கின் இயந்திரமும் பிரேக்கும் அதை இழுக்கும். ஆனால் 11,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் 2,200 பவுண்டை உங்கள் பெட்டில் உட்கார வைக்கும். ஸ்டிக்கர் எண் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு. ஃபிஃப்த் வீலில் பெரும்பாலும் முதலில் முட்டுவது சுமக்கும் திறன்தான்.

டிரெய்லர் விளம்பரத்தில் கிங்பின் எடை 700 பவுண்டு என்று போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அது வெற்று வண்டியின் எடை. பாத்திரம், படுக்கை, அரிசி, தண்ணீர் எதுவும் இல்லாத நிலை. ஃபிஃப்த் வீலின் முன்பக்க அறையில்தான் பாட்டரியும் எரிவாயு உருளைகளும் இருக்கும். நிரம்பிய 20 பவுண்டு உருளை ஒன்றே ஏறக்குறைய 37 பவுண்டு. அவை கிட்டத்தட்ட முழுதாகக் கிங்பின் மேல் இறங்கும். நல்ல தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 30 கேலன் என்றால் 250 பவுண்டு. தொட்டி டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருந்தால் கிங்பின் பாரம் கூடும், பின்னால் இருந்தால் குறையும்.

வாங்குவதற்கு முன்: வண்டியின் தகட்டில் உள்ள உச்ச மொத்த எடையை எடுத்து அதில் 20 சதவீதம் போடுங்கள். வாங்கிய பிறகு: நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடையில் எடை போட்டுப் பாருங்கள். குடும்பம், ஹிட்ச், சாமான் எல்லாவற்றோடும் டிரக்கை மட்டும் ஒருமுறை, டிரெய்லரை மாட்டி இன்னொருமுறை. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். இரண்டாவது சீட்டில் டிரக்கின் இரு அச்சுகளிலும் கூடிய எடைதான் உங்கள் உண்மையான கிங்பின் பாரம். பின் அச்சின் உச்ச எடையும் அதே கதவுத் தூணில் இருக்கிறது, அதையும் ஒப்பிடுங்கள். என் முதல் சீட்டைப் பார்த்தபோது நாங்கள் ஸ்டிக்கர் எண்ணை 200 பவுண்டுக்கு மேல் தாண்டியிருந்தோம். அன்றுவரை டிரக் ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை.

கடையில் 16,000 பவுண்டு, 20,000 பவுண்டு ஹிட்ச்தான் இருக்கிறது. சின்ன வண்டிக்கு இது அதிகமில்லையா?

பலத்தில் அதிகம்தான், அதனால் கெடுதல் இல்லை. 5,000 பவுண்டு வண்டிக்கு 16,000 பவுண்டு ஹிட்ச் வலு போதுமா என்று யாரும் தூக்கம் தொலைக்க வேண்டியதில்லை. கேள்வி அந்த இரும்பைச் சுமப்பது யார் என்பது. ஹிட்ச்சின் மேல் ஒட்டியிருக்கும் எண் உங்கள் டிரக்கின் எண்ணைக் கூட்டாது.

என்னென்ன வகைகள் இருக்கின்றன? எது எனக்குச் சரி?

முதல் வகை, அடிச்சட்டத்தில் நிற்கும் வழக்கமான தகடு ஹிட்ச். பெட்டின் தரையில் குறுக்காக இரண்டு சட்டங்கள் போட்டு, அவற்றைத் தரை வழியே கீழே டிரக்கின் சேஸிஸில் போல்ட் அடிப்பார்கள். சட்டத்தின் துளைகளில் ஹிட்ச்சின் கால்கள் இறங்கி முளையால் பூட்டும். சட்டத் துளைகளின் அளவு பொதுவாக ஒன்றுதான் என்பதால் கர்ட், ரீஸ், ஹஸ்கி என்று எந்த நிறுவனத் தலையையும் அதில் வைக்கலாம். இந்த வகையில் தலையும் கவ்வியும்தான் தரத்தைத் தீர்மானிக்கின்றன. கிங்பின்னைச் சுற்றி இரு பக்கமும் அணைத்துக்கொள்ளும் இரட்டைக் கவ்வி அமைதியாக இழுக்கும். ஒரு கம்பி குறுக்கே ஓடிப் பூட்டும் வகையில் சிறிது இடைவெளி இருக்கும்; சிக்னலில் நின்று கிளம்பும்போது முதுகில் யாரோ தட்டுவதுபோல் ஒரு அடி விழும். தலை முன்பின் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் சாய வேண்டும். முகாம் இடங்கள் ஒருபோதும் சமதரையாக இருப்பதில்லை. பக்கவாட்டில் சாயாத தலையில் மாட்டுவதும் கழற்றுவதும் போராட்டமாகிவிடும்.

இரண்டாவது, கூஸ்நெக் துளையில் நிற்கும் ஹிட்ச். பெட்டின் நடுவில், கூஸ்நெக் டிரெய்லருக்கான இணைப்புப் பந்து நிற்கும் ஒரே ஒரு வட்டத் துளை. அதன் கீழே சேஸிஸில் குறுக்குச் சட்டம். கான்சாஸ் மாநிலத்து ஹம்போல்ட்டில் இயங்கும் பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் டர்ன்ஓவர்பால் இதில் பெயர் பெற்றது: பந்தை உருவித் தலைகீழாகத் திருப்பி அதே துளையில் இறக்கினால் பெட் சமதரை ஆகிவிடும். அதே துளையில் நிற்கும் கம்பேனியன் ஹிட்ச்சின் கவ்வி நன்றாக இருக்கிறது, தட்டல் குறைவு. வாரநாளில் டிரக்கில் மரமும் சிமென்ட் மூட்டையும் ஏற்றுகிறவருக்கு இது மிகவும் வசதி. ஆனால் கனம். கழற்ற இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாவது, ஐடஹோ மாநிலத்து ஆண்டர்சன் நிறுவனத்தின் அல்டிமேட் ஹிட்ச். கூம்புபோல் நிற்கும் அலுமினியச் சட்டத்தின் உச்சியில் ஒரு பந்து. டிரெய்லரின் கிங்பின்னில் ஒரு குமிழ்க் கட்டையை நிரந்தரமாக மாட்டிவிட வேண்டும். அந்தக் கட்டை பந்தின் மேல் உட்காரும். தகடு இல்லை, கிரீஸ் இல்லை, எந்தப் பக்கமும் சாயும். சட்டம் 40 பவுண்டு அளவுதான். என் மனைவி தனியாகத் தூக்கி வெளியே வைக்கிறார். ஹாஃப் டன்னும் சிறு வண்டியும் என்றால் எனக்கு இதுதான் முதல் தேர்வு, காரணம் மேலே சொன்ன கணக்கு. இதற்கென்று சில கடமைகள் உண்டு: குமிழ்க் கட்டையின் திருகுகளைச் சொன்ன முறுக்குக்கு முடுக்க வேண்டும், சில நூறு மைல் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கவ்வி இருப்பதுபோல் இதில் கண்ணுக்குத் தெரிந்து 'டக்' என்று பூட்டும் சத்தம் வராது. எனவே பூட்டுக்கம்பியைக் குனிந்து பார்த்தே ஆக வேண்டும். டிரெய்லரைப் பிறருக்கு இழுக்கக் கொடுப்பவருக்கு இது தொந்தரவு. அவர்கள் டிரக்கில் தகடு ஹிட்ச் இருக்கும்.

நான்காவது, டிரக் நிறுவனமே பெட்டில் துளைகளை வைத்து விற்பது. 2500, 3500 வரிசைக் கனரக டிரக்குகளில் கிடைக்கிறது. உங்களிடம் அது இருந்தால் அதற்கேற்ற கால்களோடு ஹிட்ச் வாங்குங்கள், வேறெதையும் யோசிக்காதீர்கள்.

ஒரு விலக்கு. மினசோட்டாவின் பேக்கஸ் ஊரில் தயாராகும் ஸ்கேம்ப் 19 அடி ஃபைபர்கிளாஸ் வண்டியில் வழக்கமான கிங்பின் இல்லை. அதற்கென்று பந்து வகை ஹிட்ச் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிலிவாக்கில் தயாராகும் எஸ்கேப் 5.0 வண்டியில் வழக்கமான கிங்பின். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஹிட்ச் வாங்கிவிடாதீர்கள்.

என் டிரக் பெட் ஐந்தரை அடிதான். திரும்பும்போது டிரெய்லர் கேபின் கண்ணாடியை உடைத்துவிடுமா?

உடைத்துவிடலாம். எல்லோரும் இங்கே ஒரு கணக்கை மட்டும் போடுகிறார்கள்: டிரெய்லர் அகலம் 8 அடி, பாதி 48 அங்குலம், ஹிட்ச் மையத்திலிருந்து கேபின் வரை 48 அங்குலத்துக்கு மேல் இருந்தால் போதும். செங்கோணத்தில் திரும்பி நிற்கும்போது அது சரி. ஆனால் செங்கோணத்துக்கு வருவதற்கு முன்பே ஆபத்து கடந்து போகிறது.

கிங்பின்னுக்கு முன்னால் டிரெய்லரின் மூக்கு 36 அங்குலம் நீண்டிருக்கிறது என்று வைப்போம். பாதி அகலம் 48. மூலை, கிங்பின்னிலிருந்து எவ்வளவு தூரம்? பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம்தான்: 60 அங்குலம். டிரெய்லர் திரும்பத் திரும்ப அந்த மூலை முன்னோக்கி வரும். சுமார் 53 டிகிரியில் கேபினுக்கு மிக அருகில் வந்து, பிறகுதான் விலகும். ஆக உங்களுக்கு வேண்டியது 48 அல்ல, 60க்கு மேல். மூக்கின் மூலைகள் வளைத்தோ வெட்டியோ இருந்தால் இந்த எண் இறங்கும். புதிய வண்டிகள் பலவற்றில் மூலையைக் குடைந்திருப்பது குட்டை பெட்டுகளுக்காகத்தான். ஃபைபர்கிளாஸ் சிறு வண்டிகள் 8 அடியைவிடக் குறுகலானவை, மூலைகளும் உருண்டவை. அவற்றுக்கு இது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை.

நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள். பின் சக்கரத்தின் மையத்திலிருந்து கேபின் பின்சுவர் வரை ஒன்று. கிங்பின்னிலிருந்து டிரெய்லர் மூலையின் மிகத் துருத்திய இடம் வரை இன்னொன்று. முதலாவது இரண்டாவதைவிட நான்கு அங்குலமாவது கூடுதலாக இருந்தால் நகரும் ஹிட்ச் வேண்டாம். மேடு பள்ளத்தில் மூக்கு முன்னால் சாயும். அந்த நான்கு அங்குலம் அதற்கு.

அப்படியானால் நகரும் ஹிட்ச் யாருக்கு வேண்டும்?

மேலே சொன்ன அளவு போதாதவர்களுக்கு. கையால் நகர்த்துவதில், முகாமுக்குள் நுழைந்ததும் இறங்கி, நெம்பை இழுத்து, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை மெல்ல முன்னால் எடுத்தால் தலை பத்து அங்குலத்துக்கு மேல் பின்னால் போகும். அந்த நிலையில் பாரம் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. நிறுத்துவதற்கு மட்டும் சரி, சாலையில் ஓட்டக் கூடாது. தானே நகரும் வகையில் இண்டியானாவின் புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைட் தெரிந்த பெயர். திரும்பத் திரும்பத் தலை தானாகப் பின்னால் போய், நேரானதும் திரும்பி வரும். அருமையான வேலைப்பாடு. ஆனால் இரண்டும் கனமானவை. ஹாஃப் டன்னில் அந்தக் கூடுதல் எடை ஐந்து மடங்காக டிரெய்லரிலிருந்து கழியும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொரு வழி, டிரெய்லர் பக்கத்தையே மாற்றுவது. ரீஸ் நிறுவனத்தின் சைட்வைண்டர் வகைக் கிங்பின் பெட்டி, திரும்பும் மையத்தை 22 அங்குலம் பின்னால் தள்ளிவிடும். ஹிட்ச் அப்படியே இருக்கும்; அதில் ஒரு ஆப்புக் கட்டை மட்டும் வேண்டும்.

ஹிட்ச்சின் உயரத்தை எப்படி முடிவு செய்வது?

டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, நீர்மட்டம் வைத்துச் சமமாக்கி, கிங்பின் தகட்டின் உயரத்தை அளக்க வேண்டும். பாரம் ஏறியதும் டிரக் கொஞ்சம் இறங்கும், அதையும் கணக்கில் எடுங்கள். பெட்டின் பக்கச்சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் இடையே ஆறு அங்குலம் இருக்க வேண்டும். இன்றைய நான்கு சக்கர இழுவை டிரக்குகளின் பக்கச்சுவர்கள் மிக உயரம். பழைய சிறு டிரெய்லர்களோ தாழ்ந்தவை. இடைவெளி வைத்தால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். சமமாக்கினால் சுவரில் இடிக்கும். அப்போது தீர்வு ஹிட்ச்சில் இல்லை, டிரெய்லரின் அச்சில். வில்தகட்டுக்கு மேலே இருக்கும் அச்சைக் கீழே மாற்றி வண்டியை உயர்த்துவார்கள். தெரிந்த பட்டறையில் கொடுங்கள்.

கிங்பின்னில் நீளக்குழாய் மாட்டிக் கூஸ்நெக் பந்தில் இறக்கினால் மலிவாக முடியுமே?

முடியும். ஆனால் நீளக்குழாய் நெம்புகோல். கிங்பின் பெட்டி, இழுவிசை தன் அருகிலேயே வரும் என்று கருதிச் செய்யப்பட்டது. குழாய் வழியாக அந்த விசை கூடுதல் முறுக்காக ஏறும். பிரேக் அடிக்கும்போதெல்லாம் டிரெய்லர் சேஸிஸின் வெல்டிங் அதை வாங்கும். சேஸிஸ் செய்பவர்கள் பலர் இதற்கு உத்தரவாதம் தர மறுப்பது இதனால்தான். ஆண்டர்சன் வகையில் பந்து மேலே உயர்ந்து நிற்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. குழாய் வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பின் வில்தகடுகளுக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப்பை) போட்டால் பேலோடு கூடுமா?

கூடாது. பின்பக்கம் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அச்சும் சக்கரமும் டயரும் பிரேக்கும் பழையவைதான், ஸ்டிக்கரும் பழையதுதான்.

அடிச்சட்டத்தை நானே போடலாமா?

கை வேலை தெரிந்தவர் ஒரு நாளில் போடலாம். உங்கள் டிரக் மாடலுக்கென்றே செய்த தாங்கிகளை வாங்குங்கள். சேஸிஸில் ஏற்கனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துவதால் அங்கே துளையிடும் வேலை பெரும்பாலும் வராது. பெட்டில் துளை போடும் முன் கீழே படுத்துப் பாருங்கள்: எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பிகள் எங்கே போகின்றன என்று. பெட்டின் நெளிந்த தகட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே இடைவெளி இருக்கும். பெட்டியோடு வரும் இடைக்கட்டைகளை வைக்காமல் போல்ட்டை முடுக்கினால் தரை நசுங்கும். 2015 முதல் ஃபோர்டு எஃப்-150 பெட் அலுமினியம். அதில் இது இன்னும் சுலபமாக நடந்துவிடும். முறுக்குமானி இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். முதல் பயணத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி சோதியுங்கள்.

மின்இணைப்பு, பிரேக், சங்கிலி?

ஏழு முனை மின்இணைப்பைப் பெட்டின் உள்சுவரில் வைத்துவிடுங்கள். பம்பரிலிருந்து டெயில்கேட் மேல் கம்பியை இழுத்தால் ஒருநாள் அது அறுபடும். ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். நம் வண்டிகள் எல்லாமே அதில் வரும், ஆகவே டிரக்கில் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். டிரெய்லர் கழன்றால் பிரேக்கைத் தானாகப் பிடிக்கும் அவசரக் கம்பியைக் கழற்றக்கூடிய ஹிட்ச்சில் கட்டாதீர்கள். ஹிட்ச்சே கழன்று டிரெய்லரோடு போனால் அந்தக் கம்பி இழுபடாது. சேஸிஸோடு பிணைந்த ஏதாவது ஒன்றில் கட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலியைக் கவ்வி வகைக்குப் பல இடங்களில் கேட்பதில்லை; பந்து வகைக்குக் கேட்பார்கள். பந்து வகை வைத்திருப்பவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

மாட்டும்போது மிகவும் கவனிக்க வேண்டியது எது?

உயரம், பிறகு இழுத்துப் பார்ப்பது. கிங்பின்னின் தகடு, ஹிட்ச் தகட்டைவிட அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் தாழ்ந்து இருக்க வேண்டும். டிரக் பின்னால் போகும்போது ஹிட்ச் தகடு டிரெய்லரைச் சற்றுத் தூக்கியபடி அடியில் நுழையும். கிங்பின் கவ்விக்குள் சரியான ஆழத்தில் உட்காரும். டிரெய்லர் உயரமாக இருந்தால் கிங்பின்னின் நுனி மட்டும் கவ்வியின் மேல் விளிம்பில் ஏறி நிற்கும். பார்வைக்கு மாட்டியதுபோலவே இருக்கும்.

தகடு ஹிட்ச் வைத்திருந்த காலத்தில் எனக்கு அது நடந்தது. மழை, இருட்டப் போகிறது, பிள்ளைகள் பின் இருக்கையில் சண்டை. நெம்பு உள்ளே போய்விட்டது என்று பார்த்தேன். கவ்வியைக் குனிந்து பார்க்கவில்லை. டிரெய்லரின் மூக்கைத் தாங்கி நிற்கும் முன்கால்களை முழுக்கத் தூக்கிவிட்டுக் கிளம்பினேன். பத்தடி போவதற்குள் டிரெய்லரின் மூக்கு பெட்டின் இரண்டு பக்கச்சுவர்களின் மேலும் விழுந்தது. இரண்டும் ஒரு சாண் நீளத்துக்கு நசுங்கின. யாரும் இடையில் நிற்கவில்லை என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து ஒருமுறைகூட வரிசை மாறியதில்லை. டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை, டெயில்கேட் கீழே, பின்னால் போய் மாட்டுதல், இறங்கிக் கைவிளக்கோடு கவ்வியையோ பூட்டுக்கம்பியையோ பார்த்தல், பூட்டுமுளை, மின்இணைப்பு, அவசரக் கம்பி. முன்கால்களைத் தரையிலிருந்து அரை அங்குலம் மட்டும் தூக்கி, கட்டைகளை எடுக்காமல், டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்தபடி டிரக்கை முன்னால் இழுத்துப் பார்க்கிறேன். கழலுமானால் அந்த அரை அங்குலத்தோடு போகும். அதன் பிறகுதான் முன்கால்கள் மேலே, கட்டைகள் வெளியே. அந்த நேரத்தில் பிள்ளைகளோ விருந்தாளிகளோ என்னிடம் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

தனி உரிமம் வேண்டுமா?

ஒன்ராறியோவின் சாதாரண ஜி உரிமத்தில் 4,600 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம், டிரக்கும் சேர்த்து 11,000 கிலோவுக்குள். கலிஃபோர்னியாவில் சொந்தப் பயணத்துக்கான ஃபிஃப்த் வீல் 10,000 பவுண்டைத் தாண்டினால்தான் கூடுதல் அனுமதி. நாம் பேசும் சிறு வண்டிகள் இரண்டுக்கும் வெகு கீழே. வேறு மாகாணம், மாநிலம் என்றால் அங்குள்ள உரிம அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஹிட்ச் வாங்கலாமா?

தாராளமாக. நன்றாகச் செய்த ஹிட்ச் இரண்டு டிரக்குகளின் ஆயுளைத் தாண்டி உழைக்கும். டிரெய்லரை விற்றவர்கள் பாதி விலைக்குத் தருகிறார்கள். எண் பதித்த தகடு இல்லாததை வாங்காதீர்கள். கவ்வியைத் திறந்து மூடிப் பாருங்கள்; வில் சோம்பலாக இழுத்தால், அல்லது கவ்வியின் உள்வளைவில் பள்ளம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். வெல்டிங் ஓரங்களில் துருவின் கோடு நேராக ஓடினால் அதன் அடியில் விரிசல் இருக்கலாம். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்கக் கேளுங்கள், மறுத்தால் திரும்பிவிடுங்கள். கிரீஸ் பூசிய தகடு என்றால் உங்கள் உடையும் பெட்டும் நாசமாகும். கிங்பின்னில் மாட்டும் வட்டப் பிளாஸ்டிக் தகடு ஒன்று வாங்கிப் போட்டால் தேய்மானமும் இல்லை, அழுக்கும் இல்லை. கடைசியாக, வாங்கப் போகும்போது குளியலறைத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தலையையும் கால்களையும் தனித்தனியாக வைத்து நிறுத்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.